இணைந்தால் போதுமா?

கைத்தொலைபேசியும் கணினியும் "இணைக்கப்பட்டது" என்று காட்டுகின்றன. ஆனால், கணினியில் ஒரு பெயர்கூட வந்து சேரவில்லை. இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கலாம். எங்கள் கழகத்திற்கு இது கடந்த ஆண்டு கலையிரவுக்கு முதல்நாள் நேர்ந்தது.

கழகத்தின் கைத்தொலைபேசி ஒவ்வோர் ஆண்டும் புதிய செயலவையின் கைக்கு மாறும். முன்னாள் மாணவர்கள், நன்கொடையாளர்கள், கலைஞர்கள் என எல்லாருடைய எண்களும் அதில் இருந்தன. அவற்றைப் புளூடூத் வழி அறையிலிருந்த மேசைக்கணினிக்கு மாற்ற முனைந்தோம். எதுவும் வரவில்லை. மும்முறை பிணைப்பை நீக்கி மீண்டும் பிணைத்தோம். இறுதியில், எந்தப் பட்டியலை வைத்துக்கொள்வது என்று மென்பொருள் கேட்டது. அவசரத்தில் "கணினி" என்று அழுத்தியவன் நான்தான். கணினியின் வெற்றுப் பட்டியல் கைத்தொலைபேசிக்குச் சென்றது. பல ஆண்டுச் சேமிப்பு ஒரு நொடியில் அழிந்தது!

பிணைத்தல் வேறு, ஒத்திசைத்தல் வேறு என்பதை அன்று நாங்கள் உணரவில்லை. பிணைக்கும்போது இரு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, ஒரு இரகசியக் குறியீட்டைச் சேமித்து வைக்கின்றன, அவ்வளவே. தொடர்புகளைப் பகிரத் தனி அனுமதி வேண்டும். எங்கள் கைத்தொலைபேசியில் அந்த அனுமதி அணைந்திருந்தது. பிணைப்பை எத்தனை முறை புதுப்பித்தாலும் என்ன பயன்?

ஆகவே, சிக்கல் வந்தால் வரிசையாகப் பாருங்கள். முதலில், தொடர்புகளைத் தனிக் கோப்பாக நகலெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். அடுத்து, பகிர்வு அனுமதியைச் சரிபாருங்கள். அதன் பிறகும் வராவிட்டால் இரு கருவிகளிலும் பிணைப்பை நீக்குங்கள். ஒன்றில் மட்டும் நீக்கினால் பழைய குறியீடு மற்றொன்றில் தங்கிக் குழப்பம் செய்யும். மீண்டும் பிணைக்கையில் இரு திரைகளிலும் தோன்றும் ஆறு இலக்க எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இணைப்பு அடிக்கடி அறுந்தால் மேசைக்கணினியின் பின்புறத்தைக் கவனியுங்கள். அலைவாங்கியைத் திருகாமலே விட்டிருப்பார்கள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. யூஎஸ்பி 3.0 கருவிகள் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பக்கூடும். புளூடூத் செருகியைச் சிறு நீட்டிப்புக் கம்பியில் மாட்டிச் சற்றுத் தள்ளி வைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும். நாட்காட்டியில் கூட்ட நேரம் மாறித் தெரிந்தால், கணினியின் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

தமிழில் பெயர்களைச் சேமிக்கும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. தொடர்புகளைச் சுமந்து செல்லும் விகார்டு கோப்பின் பழைய 2.1 பதிப்பு, வேறு குறிப்பு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளையே எதிர்பார்க்கும். அதனால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம். 2011இல் வெளியான 4.0 பதிப்பு யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையையே பயன்படுத்துகிறது. முழுப் பட்டியலையும் அனுப்புமுன் ஒரு தமிழ்ப் பெயரை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

"எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கும்போது இது எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். அங்கும் ஒத்திசைவு என்றால் ஓரிடத்தில் அழித்தது மற்ற இடத்திலும் அழிவதுதான். ஒத்திசைவைப் பாதுகாப்பு நகல் என்று நம்புவது பெருந்தவறு என்பதே என் கருத்து.

அன்றிரவு பழைய அழைப்பிதழ்களையும் நன்கொடைப் பற்றுச்சீட்டுகளையும் புரட்டி எண்களைத் தேடினோம். பாதிதான் கிடைத்தன. இன்று கழக அறைச் சுவரில், மேலே சொன்ன படிகள் தமிழில் ஒட்டப்பட்டுள்ளன. அடுத்து வரும் தம்பி தங்கைகளே, அதைப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்!