ஜெர்மனியில் படிப்பு இலவசமாம்!

ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது என்று சொல்லாத கன்சல்டன்சி இல்லை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான். ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லாதவர்கள் விசாவுக்குப் பொதுவாக பிளாக்டு அக்கவுண்ட்டில் ஒரு வருடச் செலவுக்கான பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. அதாவது 10 லட்சம் ரூபாய்க்கு மேல்! (இலவசத்தின் விலை இது.)

சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரியில் நஞ்சை வைத்திருப்பவர் என்ன செய்வார்? கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். வயல் பத்திரத்தை நீட்டினால் மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார். கடன் வராவிட்டாலும் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் விவசாய நிலத்தில் கைவைக்க முடியாதே! விவசாயியைக் காப்பாற்ற வைத்த விதிவிலக்குதான் அவர் மகளுக்குக் குறுக்கே நிற்கிறது. டவுனில் வீடு உள்ளவர் பிள்ளை, மார்க் குறைவென்றாலும் பிளேன் ஏறிவிடுகிறான்.

இதற்கு அரசே ஜாமீன் நிற்கலாம். 2024-ல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் அடமானமே கேட்பதில்லை. ஆனால் அது இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டும்.