மூன்றாவது புள்ளியைக் கேளுங்கள்



நேற்று பேத்தி பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு வந்தாள். (2, 3), (5, 9) வழியே செல்லும் கோட்டின் சாய்வு என்ன? "ஒன்பதுல மூணு போனா ஆறு, அஞ்சுல ரெண்டு போனா மூணு. ஆறை மூணால வகுத்தா ரெண்டு, தாத்தா" என்று நொடியில் சொல்லிவிட்டாள். "சரிம்மா, சாய்வுன்னா என்ன?" என்றேன். மறுபடியும் சூத்திரத்தையே ஒப்பித்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நானும் அப்படித்தான் நடத்தினேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "சார், அதே கோட்டுல வேற ரெண்டு புள்ளி எடுத்தா வேற விடை வராதா?" என்று கேட்டாள். "வராது, உட்காரு" என்றேன். பாடம் முடிக்கிற அவசரம். அந்தக் கேள்விதான் பாடமே என்பது இப்போது உறுத்துகிறது.

அம்மா, நீ இதைப் படித்தால் இதோ பதில். (2, 3)-க்கு அடுத்து (3, 5)-ஐ எடு. ஒன்று நகர்ந்தால் இரண்டு ஏறுகிறது. (5, 9) வரை போனாலும் மூன்று நகர்ந்து ஆறு ஏறுகிறது. சின்ன முக்கோணமும் பெரிய முக்கோணமும் வடிவொத்தவை. எங்கே எடுத்தாலும் ஏற்ற விகிதம் மாறாது என்பதுதான் 'நேர்கோடு' என்ற சொல்லுக்கே அர்த்தம்.

நேர்கோடு இல்லையென்றால்? நம் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையைப் பாருங்கள். 1904-ல் வந்து, 2010-ல் நின்று, 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பிய பாதை. மலைப்பகுதியில் 37-க்கு 1 சரிவு உண்டு. அதாவது 37 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். 22 மீட்டர் நீளப் பெட்டி ஒன்றின் இரு முனைகளுக்கும் உயரத்தில் சுமார் 60 சென்டிமீட்டர் வித்தியாசம்! பின்னால் இன்னொரு இன்ஜின் தள்ளுவது சும்மா இல்லை.

ஆனால் செங்கோட்டை, புனலூர் என்ற இரண்டே புள்ளிகளை வைத்து, உயரங்களைக் கழித்துத் தூரத்தால் வகுத்தால் என்ன கிடைக்கும்? ஒரு சராசரி. நடுவில் இருக்கிற மலையே காணாமல் போய்விடும். கணக்கில் தப்பு இல்லை. நேர்கோடு என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

இன்று பாடம் நடத்தும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூத்திரத்தை எழுதுமுன் கரும்பலகையில் மூன்று புள்ளிகள் வையுங்கள். இரண்டிரண்டாக எடுத்துச் சாய்வு காணச் சொல்லுங்கள். ஒரே விடை வந்தால் நேர்கோடு, வராவிட்டால் இல்லை. பத்து நிமிஷம்தான் ஆகும். பிறகு சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது.

அடுத்த முறை ரயிலில் ஊருக்கு வரும்போது, ஒவ்வொரு ஸ்டேஷன் மஞ்சள் பலகையிலும் கடல்மட்ட உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சாய்வு கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.