மௌனத்தால் குறையும் இழப்பீடு



பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இளம் ஆசிரியை ஒருவர் தாமாகவே பணிமாற்றம் கேட்டுச் சென்றார். விண்ணப்பத்தில் அவர் எழுதிய காரணம் ‘குடும்பச் சூழல்’. மேலதிகாரி ஒருவரின் நாக்கூசும் பேச்சுதான் உண்மைக் காரணம் என்பது ஆசிரியர் அறையில் இருந்த அனைவருக்கும் தெரியும். எவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அவருக்கு நாள்தோறும் நீண்ட பயணம். வரவிருந்த பாடக்குழுப் பொறுப்பும் கைநழுவிப் போயிற்று. இவற்றை ரிங்கிட்டில் எப்படிக் கணக்கிடுவது?

நம் நாட்டில் இக்கேள்விக்கு ஒரு விடை உண்டு. தாபோங் ஹாஜி வாரியத்தில் பணிபுரிந்த பெண் அதிகாரி ஒருவர், தம் மேலாளரின் ஆபாசப் பேச்சு குறித்துப் புகார் செய்தார். அம்மேலாளரோ அப்பெண்மணி மீதே வழக்குத் தொடுத்தார்! அவ்வழக்கிலேயே அவர் எதிர்க்கோரிக்கை வைத்து வென்றார். பொது இழப்பீடாக 100,000 ரிங்கிட்டும், கூடுதல் இழப்பீடாக 20,000 ரிங்கிட்டும் வழங்கப்பட்டன. 2016 ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. உடலைத் தீண்டாத வெறும் சொல்லும் தொல்லையே என்பது அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

பின்னர் 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச் 8 முதல் புகார்களைப் பெற்று வருகிறது. அங்குப் பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிடலாம்.

உச்சவரம்பு தெரிகிறது, அதற்குள் தொகையை எப்படி முடிவு செய்வது? இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தில் கொள்ள வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது: மனவேதனை, பறிபோன பணி வாய்ப்பு, மருத்துவச் செலவு. இவை நியாயமானவை. ஆனால், தொல்லை கொடுத்தவரின் வருமானத்தையும் பார்க்கச் சொல்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. துப்புரவுப் பணிப்பெண்ணுக்குத் தொல்லை கொடுத்தவன் குறைந்த சம்பளக்காரன் என்பதற்காக அவளுடைய வேதனை மலிவாகிவிடுமா? தவணையில் கட்டட்டும், தொகை குறைய வேண்டாம்.

“பணத்துக்காகத்தான் புகார் கொடுத்தாள்” என்று சில பெற்றோர் பேசக் கேட்டிருக்கிறேன். சாலை விபத்தில் கால் முறிந்தவர் இழப்பீடு பெறும்போது நாம் அப்படிப் பேசுவதில்லையே!

என்னை உறுத்துவது வேறொன்று. பணி வாய்ப்புப் பறிபோனதை நடுவர் மன்றத்தில் நிறுவ வேண்டுமே, எதைக் கொண்டு நிறுவுவது? அந்த ஆசிரியையின் கோப்பில் இருப்பது ‘குடும்பச் சூழல்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. மருத்துவச் சீட்டில் தலைவலி என்று இருந்திருக்கும். காதால் கேட்ட நாங்களோ சாட்சியாக முன்வரவில்லை. எங்கள் மௌனம் அவருடைய இழப்பையே ஏட்டிலிருந்து அழித்துவிட்டது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, உங்கள் பணியிடத்தில் இத்தகைய பேச்சைக் கேட்க நேர்ந்தால், அன்றைய நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். (பாடக்குறிப்பு எழுதும் நமக்கு இது பெரிய வேலையன்று.) பாதிக்கப்பட்டவரிடம் அதைச் சொல்லியும் வையுங்கள். நான் அன்று அப்படிச் செய்யவில்லை.