கூட்டம் எங்கே? மொழி எது?

கெலிஓயாவிலே தவறணைக்கு எவரும் வழி கேட்பதில்லை. குடியை விட்டொழிக்க விரும்புபவனோ, அதற்கான கூட்டம் எங்கே நடக்கிறதென வாய்விட்டுக் கேட்கவே நாணுகிறான். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடிக்கு அடிமைப்பட்ட இருவர் மனந்திறந்து பேசியதிற் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. அங்கே கட்டணமில்லை, முழுப்பெயர் கேட்பாரில்லை, குடியை நிறுத்தும் விருப்பமொன்றே தகுதி. பேச்சே அங்கு மருந்து. அம்மருந்தைத் தோட்டத் தொழிலாளி பிறமொழியில் எங்ஙனம் உட்கொள்வான்?

தமிழும் அரசகரும மொழியென்று 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் கூறுகிறது. ஆகவே, தேசிய அபாயகரமான ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைப்பவருக்கு, கண்டிப் பகுதியில் தமிழிற் பேசக்கூடிய கூட்டத்தின் இடமும் நாளும் தமிழிலேயே சொல்லப்படல் வேண்டும். இது சலுகையன்று, உரிமை. குடியால் நீதிமன்றேறிய குடும்பங்களை அன்றாடம் காணும் சட்டத்தரணிகளாகிய நமக்கும் பங்குண்டு: வாசிகசாலையில் வாரம் ஒரு மாலை, ஓர் அறை.