அன்னையின் சேலையில் ஒரு வேப்பமரம்

நவம்பர், மரித்த நம் அன்பர்களை நினைந்து செபிக்கும் மாதம். கல்லறையைத் துப்புரவு செய்து, மலர் சாத்தி, மெழுகுதிரி ஏற்றி வீடு திரும்புகிறோம். அங்கே பல இல்லங்களில் ஒரு பெட்டி திறக்கப்படாமலே கிடக்கின்றது. மறைந்த அன்னையின் சேலைகள் அதனுள் மடித்தபடி இருக்கின்றன. உடுத்தவும் மனம் வருவதில்லை. பிறருக்குக் கொடுக்கவும் மனம் வருவதில்லை. நல்லவற்றை ஏழையர்க்கு ஈவதே முதற்கடன் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாயம் மங்கி, நைந்து, ஈயத் தகாதவையாய் எஞ்சுபவற்றை என் செய்வது? அவற்றைக் கொண்டு செய்யத்தக்க கைவேலை ஒன்றைப் பற்றி இத்திங்கள் கூற விழைகிறோம்.

மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி என மூன்றையும் ஒன்றாக வைத்துத் தைத்த போர்வையை மேலைநாட்டார் குயில்ட் என்பர். குளிருக்குப் போர்த்துவதற்கென்று பிறந்த இது, நாளடைவில் சுவரில் மாட்டும் சித்திரமாகவும் வளர்ந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, திருமறை நிகழ்ச்சிகளைத் துணித்துண்டுகளால் உருவாக்கி, 1886-இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஆதாம் ஏவாள் தொடங்கித் திருக்குடும்பம் வரை பதினொரு காட்சிகள் அதில் உண்டு. அதனைக் கண்டு வியந்த ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். ஹேரியட் இசையவில்லை. சில ஆண்டுகள் கழித்து வறுமை நெருக்கவே, ஐந்து டாலருக்கு அதனை அவரிடமே விற்றார். விற்ற பின்னும் அதனைக் காண்பதற்கென்றே பலமுறை அவர் இல்லம் சென்று வந்தாராம். இன்று அது வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. தாம் தைத்த துணியைக் காண மீண்டும் மீண்டும் சென்ற அந்தத் தாயை நினைக்கும்போது நம் நெஞ்சம் கனக்கின்றது.

நம் அன்னையின் பெட்டியைச் சென்ற ஆண்டு திறந்தோம். நைந்த சேலைகளைத் தனியே எடுத்து, கத்தரிக்கோலையும் கையில் எடுத்தோம். அருகிலிருந்த நம் தமக்கையார், "அம்மா கட்டின சேலையில் கத்தரி வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?" என்று கேட்டார். விடை கூற இயலவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டோம். சில கிழமைகள் அப்படியே கழிந்தன.

பின்னொரு நாள் இருவருமாக அவற்றை மடித்து வைக்கும்போது, பச்சைநிறப் பருத்திச் சேலை ஒன்றின் கரையோரத்தில் உள்ளங்கையளவு இழையோட்டிய இடம் ஒன்று கண்ணில் பட்டது. தமக்கையார் அதனைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: "உன் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை எடுத்த வருஷம் அம்மா தனக்குச் சேலை எடுக்கவில்லை. இதைத்தான் இழையோட்டிக் கட்டிக்கொண்டு கோவிலுக்கு வந்தார்கள்." அந்நாள்வரை நாம் அதனை அறிந்ததில்லை. சற்று நேரம் சென்று அவரே, "இந்த இடத்தை மட்டும் வெட்டாதே. இது நடுவில் வரட்டும்" என்றார்.

அவ்வாறே செய்தோம். நம் கொல்லையில் அன்னை நட்ட வேப்பமரமே சித்திரப் பொருளாயிற்று.

முதலில் செய்ய வேண்டியது தையல் அன்று, பார்த்தல். வேப்பிலையை வரையச் சொன்னால் இருபுறமும் ஒத்த இலையைத்தான் பலரும் வரைவோம். கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்புறத்தில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும், முழுவதும் அரிவாள்போல் சற்று வளைந்தும் இருக்கும். விளிம்பு பல்பல்லாய் வெட்டுண்டிருக்கும். இளந்தளிர் பச்சையன்று, செம்பு நிறம். படைத்தவர் இவ்வளவு நுட்பமாய் அமைத்ததை நாம் பார்க்காமலே ஆண்டாண்டாய் அதன் நிழலில் அமர்ந்திருந்தோம்! பச்சைச் சேலை இலைகளாயிற்று. அரக்குநிறச் சேலையின் துண்டுகள் தளிர்களாயின. இழையோட்டிய துண்டு அடிமரத்தின் கணுவாயிற்று.

துணிகளை முன்னதாகவே நனைத்து உலர்த்திவிடுவது நன்று. பின்னர் சுருங்குவதும் சாயம் போவதும் குறையும். அடித்துணி, அதன்மேல் பஞ்சு விரிப்பு அல்லது பழைய மெல்லிய பருத்திப் போர்வை, அதன்மேல் மேல்துணி என அடுக்குக. கீழிரண்டும் மேல்துணியைவிட நாற்புறமும் இரண்டு அங்குலம் பெரிதாய் இருக்கட்டும். இலைத் துண்டுகளை அதன்மேல் வைத்து நூலோட்டி நிறுத்துக. மூன்றடுக்கும் நழுவாதபடி, நடுவிலிருந்து வெளிநோக்கி, நான்கு விரற்கடைக்கு ஒன்றாகச் சேப்டி பின் குத்துக. தையல் நெருங்க நெருங்க அவற்றை அகற்றுக.

இனித் தையல். இயந்திரத்தில் ஊசிக்குக் கீழே துணியைப் பின்னுக்குத் தள்ளும் இரும்புப் பற்கள் உள்ளன. அவற்றைத் தாழ்த்திவிட்டால், துணி எத்திசை செல்லவேண்டும் என்பது நம் கைகளின் பொறுப்பாகிவிடும். தாழ்த்தும் வசதி இல்லாத இயந்திரத்தில் தையல் நீளத்தைச் சுழியில் வைத்துக்கொள்ளலாம். வழக்கமான பாதத்தைக் கழற்றி, பூத்தையலுக்கென விற்கும் பாதத்தைப் பொருத்துக. நம் ஊர்த் தையற்காரர்கள் பாதமின்றி, வளையத்தில் துணியை இறுக்கிப் பூத்தையல் போடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதன் உடன்பிறப்பே. கிழிசலுக்கு இயந்திரத்தில் இழையோட்டுவதும் இம்முறையில்தான். நம் அன்னை தம் மிதி இயந்திரத்தில் அச்சேலைக்குச் செய்ததும் இதுவே.

எழுதும்போது தாள் நிற்கும், பேனா நகரும். இங்கே பேனாவாகிய ஊசி ஓரிடத்திலேயே நிற்க, தாளாகிய துணி நகர்கின்றது. கால் மிதிப்பது சீராகவும், கை நகர்த்துவது நிதானமாகவும் இருக்கவேண்டும். கை விரைந்தால் தையல் நீண்டு, ஊசி வளைந்து முறியும். கை தயங்கினால் நூல் ஓரிடத்தில் குவியும். தொடங்குமுன் அடிநூலை மேலே இழுத்து, அவ்விடத்திலேயே இரண்டு மூன்று சிறு தையல் இடுக. நிறுத்தும்போது ஊசி துணியில் இறங்கி நிற்கட்டும். விரல்கள் ஊசியினின்று விலகியே இருக்கட்டும். ஓரிடத்தில் நெருக்கமாகவும் மற்றோரிடத்தில் வெறுமையாகவும் தைத்தால் துணி கோணிக்கொள்ளும். ஆதலின் எங்கும் ஓரளவு சமமாகப் பரவித் தைத்தல் வேண்டும்.

நமக்கு நேர்ந்த ஒரு தவற்றையும் மறைக்காமல் கூறுகிறோம். முதல் நாள் அடிப்புறம் முழுவதும் நூல் பறவைக்கூடுபோல் சிக்கிற்று. இயந்திரத்தைக் குறை கூறினோம், நூலைக் குறை கூறினோம். குறை நம்முடையதே. பாதத்தை இறக்கும் நெம்புகோலை இறக்க மறந்திருந்தோம். பாதமே இல்லாமல் தைத்தாலும் அதனை இறக்கியே ஆகவேண்டும். இல்லாவிடில் மேல்நூலுக்கு இறுக்கம் கிடைக்காது. நேரில் காட்டித்தரக் கூடியவர் பக்கத்தில் இருந்த நாளில் நாம் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு இதைக் கற்பித்தவர் யார் என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை. அச்சிக்கலைப் பிரித்த ஒரு மணி நேரமும் இந்த நினைவே நம்மை வருத்தியது.

முதலில் பழைய துணியில் ஒரு வாரம் பழகுங்கள். இலை நரம்பு, நீர்ச்சுழி, மேகம் என எதையும் ஒரே கோடாக எழுதிப் பாருங்கள். தையல் ஒன்றுபோல் அமையவில்லையே என்று சோர்வடைய வேண்டாம். மரத்தில் எந்த இரண்டு இலைகள் ஒன்றுபோல் இருக்கின்றன?

நம் வேப்பமரம் இப்போது செபம் சொல்லும் இடத்தருகே தொங்குகின்றது. தமக்கையார் தைத்த இலை ஒன்று மற்றவற்றைவிடப் பெரிது. அதனைப் பிரிக்கவேண்டாம் என்றோம். மாலையில் செபமாலை முடிந்ததும் அவர் எழுந்து சென்று, அந்தக் கணுவின்மீது ஒருமுறை கை வைத்துவிட்டுத்தான் போகிறார்.

மரித்தோருக்காகச் செபிப்பது நம் கடமை. இருப்போரைக் கேட்டறிவதும் கடமையே. உங்கள் இல்லத்தில் அன்னை இன்னும் தையல் இயந்திரத்தின்முன் அமர்கின்றாரெனில், இன்றே ஒரு முக்காலியை அவரருகே இழுத்துப் போட்டு அமருங்கள். அவர் கைகள் அறிந்ததை அவர் வாயால் கேளுங்கள். மறைந்த அன்னையர் அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றி அருள்வாராக.