பதிவேட்டில் சிக்காத எண்ணெய்: திக்லிபூரை எட்டாத தில்லி விதி

புது தில்லி: பொரித்து மீந்த சமையல் எண்ணெய் மீண்டும் அடுப்பேறாமல் தடுத்து, அதை பயோ டீசலாக மாற்றும் திட்டத்தை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் தொடங்கியது. பெருநகரங்களில் அது ஓரளவு வேரூன்றியுள்ளது. ஆனால், வட அந்தமானில் உள்ள திக்லிபூர் போன்ற ஊர்களை நினைவில் கொண்டு அது வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் உருவாகும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால், அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த வரம்பு தேநீர்க் கடைக்கும் நட்சத்திர ஹோட்டலுக்கும் பொதுவானது. ஆனால், கழித்த எண்ணெய் எங்கே போனது எனப் பதிவேட்டில் எழுதும் கடமை, நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் சமையற்கூடங்களுக்கு மட்டுமே. 2019 மார்ச் 1 முதல் இதுதான் நிலை.

இங்குதான் ஓட்டை. வாணலியில் உள்ள எண்ணெயை அதிகாரி கருவி வைத்துச் சோதித்துவிடலாம். வாணலியை விட்டு வெளியேறிய எண்ணெயைப் பதிவேடு இல்லாமல் எப்படித் தேடுவார்? அது மலிவு விலையில் வேறொரு கடைக்குப் போகலாம்; கால்வாயில் கொட்டப்பட்டு, குளிர்ந்து உறைந்து அடைப்பை ஏற்படுத்தலாம். திக்லிபூரில் கால்வாயில் சேர்வது கல்போங் ஆறு வழியாக ஏரியல் விரிகுடாவைச் சென்றடைய அதிக தூரமில்லை. கடலாமைகள் முட்டையிடும் காலிப்பூர் கடற்கரையும் அருகில்தான் உள்ளது.

பெரிய சமையற்கூடங்களை மட்டும் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு. நாடு ஆண்டுதோறும் செலவிடும் சுமார் 2,700 கோடி லிட்டர் சமையல் எண்ணெயில், ஹோட்டல்கள், கேன்டீன்கள் போன்றவற்றிடமிருந்து 140 கோடி லிட்டரைத் திரட்டலாம் என்பது 2019-ல் அரசு கூறிய கணக்கு. அவ்வாண்டு ஆகஸ்ட் 10-ல் 100 நகரங்களில் பயோ டீசல் கொள்முதலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் அழைப்பு விடுத்தபோது, முதலாண்டு விலையாக லிட்டருக்கு ரூ.51 அறிவிக்கப்பட்டது.

அந்த விலையில், ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்னர் போர்ட் பிளேர்) 300 கி.மீ. அளவுக்கு, ஜராவா வனப்பகுதியில் அணிவகுத்து மட்டுமே செல்ல வேண்டிய சாலையில் வந்து, சில கேன் எண்ணெயை அள்ளிச் செல்ல எந்த வியாபாரி முன்வருவார்?

இத்தனைக்கும், கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் இருந்தும், தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலையே நம்பியிருக்கிறது. சமையல் எண்ணெயும் கப்பலில்தான் வருகிறது. வந்த எண்ணெயை அங்கேயே எரிபொருளாக்குவது சிக்கனம். அதற்கு வேண்டிய மெத்தனாலையும் கடல் கடந்தே கொண்டுவர வேண்டும் என்பது உண்மைதான்; ஆனால், எண்ணெயின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போதும்.

கடையைக் கணக்கிடாமல் கடைத்தெருவைக் கணக்கிட்டால், திக்லிபூர் சந்தையே 50 லிட்டர் வரம்பைத் தாண்டக்கூடும். பொதுக் கலன் ஒன்றும் பொதுப் பதிவேடு ஒன்றும் வைத்தால் சோதனை எளிது. சட்டப்பேரவை இல்லாத இந்த யூனியன் பிரதேசத்தில் பழியை மாநில அரசின் மீது போடவும் வழியில்லை. தீவுகளின் ஒரே மக்களவை உறுப்பினர் கேள்வி எழுப்பினால், பதில் சொல்ல வேண்டியவர் மத்திய சுகாதார அமைச்சர்தான். இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை; உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஓர் உத்தரவு போதும்.