நெட்டில் உதவி: பக்கத்துத் தெருவை மறக்க வேண்டாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி நெட் இணைப்பும் பெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “இன்டர்நெட் வழியாக நன்கொடை தரலாமா? நம்பலாமா?” தரலாம் என்பதே என் பதில். ஆனால் யாருக்குத் தருகிறோம் என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

எட்டயபுரத்தில் எங்கள் தெருவில் தறி நெய்யும் அண்ணாச்சி ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக் கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள்; அந்த வகையில் செலவில்லை. ஆனால் ஆறு வாரம் தறியில் உட்கார முடியாது. கூலி நின்றது. வாடகை, மளிகைக் கடை பாக்கி, மகளின் பீஸ் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் தேவை. வார வட்டிக்குத் தர ஆள் வாசலில் தயாராக நின்றது.

நிதி திரட்டும் வெப்சைட்டுகள் நம் நாட்டிலேயே உண்டு. மிலாப் 2010-லும் கெட்டோ 2012-லும் தொடங்கின. பெரிய ஆபரேஷன்களுக்கு அங்கே லட்சக்கணக்கில் சேர்கிறது, நல்ல காரியம்தான். ஆனால் கை முறிந்த நெசவாளியின் ஆறு வாரக் கூலிக்கு யார் பக்கம் திறப்பார்கள்? அதற்கு டைப் செய்யத் தெரிந்த ஒருவரும் மனதை உருக்கும் போட்டோவும் வேண்டுமே! அண்ணாச்சி போட்டோவுக்கு மறுத்துவிட்டார். “தானமா வேண்டாம் தம்பி, கடனா எழுதி வையுங்க” என்றார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அழும் முகத்தைப் பார்த்தால்தான் பணம் தருவோம் என்பது நம் கோளாறு.

இந்த ஊரில் பிறந்த பாரதியாரும் கடன்தான் கேட்டார். தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக அச்சிட, பணம் தரும்படி 1920-ல் நண்பர்களுக்குக் கடிதம் அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை, 1921-ல் காலமானார். பிறகு கல்கி வேண்டுகோள் விடுத்தபோது மக்கள் பணம் அனுப்பினார்கள். 1947-ல் இங்கே மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்த இரண்டு ஆண்டுகளும் எனக்கு நினைவுக்கு வரும்.

அண்ணாச்சிக்காக நான் எந்த வெப்சைட்டுக்கும் போகவில்லை. அரைப் பக்கம் தமிழில் டைப் செய்து, பள்ளியில் உடன் படித்தவர்களுக்கு அனுப்பினேன். என்ன நடந்தது, எவ்வளவு தேவை, 14,000 சேர்ந்ததும் நிறுத்திவிடுவேன், திருப்பித் தருவார் என்று நான்கே விஷயங்கள். பணம் என் கணக்குக்கு வேண்டாம் என்று, அவருடைய பேங்க் கணக்கு எண்ணையே கொடுத்தேன். அதை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். நான்கு நாளில் 31 பேர் முடித்துவிட்டார்கள்.

நீங்கள் பணம் அனுப்பும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ஒருமுறை வாட்ஸ்அப்பில் வந்த குழந்தை படத்தைப் பார்த்து 500 ரூபாய் அனுப்பினேன். அடுத்த மாதம் அதே படம், வேறு பெயர், வேறு கணக்கு எண்ணுடன் வந்தது! அதிலிருந்து, சம்பந்தப்பட்டவரையோ ஆஸ்பத்திரியையோ போனில் விசாரிக்காமல் அனுப்புவதில்லை. யு.பி.ஐ.யில் பின் எண்ணைத் தட்டுவதற்கு முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்திடுங்கள். நிதி திரட்டும் சில தளங்களில் உங்கள் தொகையோடு தளத்துக்கான ‘டிப்’ தானாகச் சேர்ந்திருக்கும். விருப்பமில்லையெனில் அதைப் பூஜ்யமாக்கலாம். தனிநபருக்குத் தரும் உதவிக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொடுத்தவர்கள் அனைவருக்கும் எக்ஸெல் ஷீட் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். பெயர், தொகை, தேதி, திரும்பியது என்று நான்கு காலம். கட்டுப் பிரித்து அண்ணாச்சி மறுபடி தறிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. கடைசிக் காலத்தில் இதுவரை இரண்டு வரி நிரம்பியுள்ளது. ஒவ்வொன்றும் 300 ரூபாய்.